288 அம்பும் ஒரே அம்பும்

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்பு எய்யத் தெரியாது. எய்த அம்புக்கு மார்க் போடத் தெரியும். அக்கா மகள் சேலத்தில் ஆர்ச்சரி பழகிய காலத்தில் துணைக்குப் போய் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். "டீச்சர், கூட்டல் தப்பில்லாம வரணும், நீங்க எழுதுங்களேன்" என்று ஒருநாள் அட்டையையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று வில்லை விட்டுவிட்டாள். எனக்குத்தான் அட்டையை விட மனசு வரவில்லை. மாவட்டப் போட்டி என்றால் இன்றும் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

அதனாலோ என்னவோ, ஒலிம்பிக் வில்வித்தையின் வரலாறு என்றால் எனக்கு வில் நினைவுக்கு வருவதில்லை. மரம் போய் ஃபைபர் கிளாஸ் வந்தது, அதன் பின்னால் கார்பன் வந்தது, அம்பு அலுமினியமாகி மெலிந்தது. இது எந்த விளையாட்டிலும் நடக்கிறதுதான். பெரிய மாற்றம் ஸ்கோர் ஷீட்டில் நடந்திருக்கிறது. 1972-இல் மியூனிக்கில் தங்கம் வாங்க நாலு நாள் நின்று 288 அம்பு எய்ய வேண்டும். 2024-இல் பாரிஸில் ஆண்கள் தங்கத்தைக் கடைசியில் தீர்த்து வைத்தது ஆளுக்கு ஓர் அம்பு. இடையில் எதை, யார், எதற்காகக் குறைத்தார்கள் என்று பார்த்தால் அதுவே இந்த விளையாட்டின் கதை.

டார்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். 70 மீட்டரில் நிற்கும் அந்தத் தாளின் குறுக்களவு 122 செ.மீ. நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, நீலம், கறுப்பு, ஓரத்தில் வெள்ளை. நிறத்துக்கு இரண்டு வளையம் வீதம் மொத்தம் பத்து. வெளியே ஒன்று, நடுவே பத்து. பத்துக்கான வட்டம் 12.2 செ.மீ. அதற்குள்ளே எக்ஸ் என்று 6.1 செ.மீ.யில் இன்னொரு வட்டம் உண்டு. அதற்கும் பத்துதான், இரண்டு பேர் மொத்தம் சமமாக நின்றால் யார் முன்னே என்று பார்க்க உதவும்.

இந்த ஐந்து நிறமும் இங்கிலாந்துச் சரக்கு. யுத்தத்தில் வில்லுக்கு வேலை போய் வெகுகாலம் கழித்து, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வசதிபடைத்தவர்களுக்கு வில்மேல் ஆசை திரும்பியது. 1781-இல் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் டாக்ஸோஃபிலைட் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் அதற்குப் புரவலர். மஞ்சளுக்கு 9, சிவப்புக்கு 7, நீலத்துக்கு 5, கறுப்புக்கு 3, வெள்ளைக்கு 1 என்று வந்த கணக்குக்கு 'இளவரசர் கணக்கு' என்றே பெயர். எல்லாம் ஒற்றைப்படை எண். எழுதுகிறவளுக்கு இதில் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. பட்ட அம்புகள் ஒற்றைப்படையாக இருந்தால் மொத்தமும் ஒற்றைப்படையாகத்தான் வரவேண்டும், இரட்டையென்றால் இரட்டை. மாறி வந்தால் எங்கேயோ கூட்டல் பிசகியிருக்கிறது. ஒன்று முதல் பத்து என்று மாற்றியபோது இந்த வசதி போய்விட்டது. கணக்கு டீச்சர்கள் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1908-இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தபோதும் அதே ஒற்றைப்படைக் கணக்கு. ஒயிட் சிட்டி மைதானத்தில் ஆண்களுக்கு 100, 80, 60 கஜ தூரங்களில் நாளுக்கு 144 அம்பு, இரண்டு நாள். பெண்களுக்கு 60, 50 கஜத்தில் நாளுக்கு 72. களத்தில் நின்ற பெண்கள் 25 பேரும் பிரிட்டிஷ்காரர்கள். முதல் நாள் முடிவில் பத்துப் புள்ளி முன்னே இருந்தவர் லாட்டி டாட். பதினைந்து வயதில் விம்பிள்டன் ஜெயித்து, மொத்தம் ஐந்து முறை அந்தப் பட்டத்தை எடுத்து, பிறகு கோல்ஃபிலும் பிரிட்டிஷ் சாம்பியனாகி, ஹாக்கியும் ஆடிவிட்டு வில்லுக்கு வந்தவர். இரண்டாம் நாள் அவரைத் தாண்டிப் போனவர் குவீனி நியூவல், வயது 53. நியூவலுக்கு 688, டாடுக்கு 642. இன்றுவரை ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பெண்களில் மிக மூத்தவர் நியூவல்தான். டாடின் அண்ணன் வில்லியம் அதே மைதானத்தில் ஆண்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டார்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் போட்டிக்கே வராதவர். ஆலிஸ் லெக் என்று ஓர் அம்மையார், வாழ்நாளில் 23 முறை இங்கிலாந்தின் தேசியப் பட்டம் வென்றவர். அடுத்த வாரம் தேசியப் போட்டி இருக்கிறது, அதற்குத் தயாராக வேண்டும் என்று ஒலிம்பிக்கை ஒதுக்கிவிட்டார். அந்தத் தேசியப் போட்டியில் புத்தம்புது ஒலிம்பிக் சாம்பியன் நியூவலை 151 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அன்றைக்கு ஒலிம்பிக்குக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்!

மதிப்பு இல்லாததற்குக் காரணமும் இருந்தது. யார் நடத்துகிறார்களோ அவர்கள் ஊர் வழக்கப்படிதான் போட்டி. 1900-இல் பாரிஸில் உயரக் கம்பத்தில் கட்டிவைத்த பொய்ப் பறவைகளை அடித்து வீழ்த்துவதும் ஒரு போட்டி. பிரெஞ்சு, பெல்ஜியக் கிராமங்களில் பரம்பரையாக ஆடிவந்தது அது. 1904-இல் செயின்ட் லூயியில் அமெரிக்கர்கள் தங்களுக்குள்ளேயே எய்துகொண்டார்கள். 1920-இல் ஆண்ட்வெர்ப்புக்கு வந்தவை பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து என மூன்றே நாடுகள். பெல்ஜியத்தின் ஹூபர்ட் வான் இனிஸ் 1900-இலும் 1920-இலுமாகச் சேர்த்து ஆறு தங்கம் எடுத்து வைத்திருக்கிறார். இரண்டாவது முறை அவருக்கு வயது 54. பெரிய வில்லாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எய்ததையும் நியூவல் எய்ததையும் ஒரே ஷீட்டில் எழுத முடியாது. தூரம் வேறு, இலக்கு வேறு, மார்க் வேறு. ஆண்ட்வெர்ப்புக்குப் பிறகு வில்லை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வர 52 வருஷமாயிற்று.

பொது ஷீட்டுக்கான வேலை 1931 செப்டம்பரில், அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் இருக்கும் லிவிவ் நகரத்தில் தொடங்கியது. ஏழு நாடுகள் கூடி ஃபீட்டா என்ற சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்தன. இன்று அதன் பெயர் வேர்ல்டு ஆர்ச்சரி. 1957-இல் ஃபீட்டா ரவுண்டு வந்தது. ஆண்களுக்கு 90, 70, 50, 30 மீட்டர். பெண்களுக்கு 70, 60, 50, 30. தூரத்துக்கு 36 அம்பு, ஆக 144. உலகத்தில் எந்த மூலையில் எய்தாலும் இதே கணக்கு, உச்சம் 1440. 1961 முதல் 1977 வரை ஃபீட்டாவின் தலைவராக இருந்தவர் இங்கர் ஃப்ரித் என்ற பெண்மணி. ஒலிம்பிக் கமிட்டியை விடாமல் கேட்டுக் கேட்டு மியூனிக்கில் இடம் வாங்கியது அவர் காலத்தில்தான்.

மியூனிக்கில் ஃபீட்டா ரவுண்டை இரண்டு தடவை எய்ய வேண்டும். இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்ட துயரத்துக்காக நின்றுபோன போட்டிகள் மறுபடி தொடங்கிய வேளை. இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் செப்டம்பர் 7 முதல் 10 வரை அம்பு பறந்தது. 18 வயது அமெரிக்கர் ஜான் வில்லியம்ஸ் 2880-க்கு 2528 எடுத்து ஜெயித்தார். பெண்களில் தங்கம் டோரீன் வில்பருக்கு, 2424. அடுத்து மான்ட்ரியாலில் டாரல் பேஸ், 2571. மாஸ்கோவில் ஃபின்லாந்தின் டோமி போய்க்கோலைனென், 2455. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி பேஸ், 2616.

எழுதுகிறவளின் கண்ணால் பார்த்தால் அது பொற்காலம். 288 அம்பில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. ஒரு காற்று வந்து ஓர் அம்பைத் தள்ளிவிட்டால் மீதி 287 இருக்கிறது. யார் நிஜமாகவே நல்ல வில்லாளியோ அவர்தான் மேலே வருவார்.

பார்க்க வந்தவர்களுக்கு என்ன இருந்தது? 1984-இல் பேஸுக்கும் வெள்ளி வாங்கிய ரிக் மெக்கின்னிக்கும் 52 புள்ளி இடைவெளி. கடைசி நாள் காலையிலேயே ஊருக்குப் போயிருக்கலாம். வரிசையாக ஆட்கள் நின்று எய்கிறார்கள், விசில் அடித்ததும் எல்லோரும் நடந்து போய் அம்பைப் பிடுங்கி வருகிறார்கள், மறுபடி எய்கிறார்கள். யார் முன்னணி, யார் பின்னணி என்பது என்னைப் போல அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நடையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டார்கெட்டின் முன்னால் நாலைந்து பேர் நிற்போம். எழுதி முடிக்கும்வரை அம்பையோ தாளையோ யாரும் தொடக்கூடாது. எய்த பிள்ளை தன் அம்புகளைப் பெரிய மார்க்கிலிருந்து சின்னது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும்: "பத்து, ஒன்பது, ஒன்பது, எட்டு, ஏழு, ஏழு." மற்றவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பேனா ஓடும். அம்பின் தண்டு கோட்டைத் தொட்டிருந்தால் உள்வளையத்தின் மார்க். தகராறு என்றால் நடுவர் பூதக்கண்ணாடியோடு வந்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை குனிந்து பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதுதான் முடிவு. எழுதியானதும் ஒவ்வோர் ஓட்டையின் ஓரத்திலும் பேனாவால் சின்னக் கோடு போட்டுவிட வேண்டும். அடுத்த முறை ஏதாவது அம்பு பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தால், கோடு போடாத ஓட்டை எதுவோ அதுதான் அதன் ஓட்டை. அம்பின் வாலிலேயே இன்னோர் அம்பு போய்ச் செருகிக்கொண்டால் முன்னதன் மார்க்கே பின்னதற்கும்.

ஒருமுறை ஒரு பையனின் அப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், அது பத்துதான். இங்கிருந்து பாத்தாலே தெரியுதே."

"நீங்க அங்கிருந்து பாருங்க சார். இங்க வரக்கூடாது."

"கோட்டைத் தொட்டுக்கிட்டுதான் மேடம் இருக்கு!"

பையன்தான் தலையைக் குனிந்துகொண்டு, "ஒன்பதுப்பா, நீ போ" என்றான். நடுவரும் ஒன்பது என்றார். தன் அம்புக்குத் தானே குறைந்த மார்க்கைச் சொல்லும் பழக்கம் இந்த விளையாட்டில் சாதாரணம். ஒரே டார்கெட்டில் எய்கிற எல்லோரும் பக்கத்தில் நின்று பார்ப்பதால் வேறு வழியும் இல்லை என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

288 அம்புக் காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1984-இல் பெண்கள் வரிசையில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எய்தார். நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் பாராபிளீஜிக் வீராங்கனை அவர்தான். அங்கே 35-ஆவது இடம் வந்தார். அனுதாபத்தில் அழைத்து வந்தவர் இல்லை. இரண்டு வருஷம் முன்பு பிரிஸ்பேனில் காமன்வெல்த் தங்கத்தை நின்று எய்த பெண்களிடமிருந்து பறித்தவர். உட்கார்ந்து எய்வது வசதியா என்று கேட்டவர்களிடம், தான் நின்று எய்து பார்த்ததே இல்லை என்றாராம்.

அவருக்குப் பின்னால் பழைய பாதை ஒன்று இருந்தது. 1948 ஜூலை 29-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. வில் அதில் இல்லை. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகுத்தண்டு அடிபட்ட முன்னாள் படைவீரர்கள் 16 பேரை, அதில் இரண்டு பெண்கள், சக்கர நாற்காலியில் வரிசையாக நிறுத்தி வில்போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸ் முளைத்தது அந்தப் புல்வெளியில். ஒலிம்பிக் வில்லை வெளியே தள்ளி வைத்திருந்த வருஷங்களில் நோயாளிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ஹரியானாவின் ஹர்விந்தர் சிங் ரிகர்வ் (முனை வளைந்த வில்) பிரிவில் தங்கம் எடுத்தபோது வில்லில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பாராலிம்பிக் தங்கம். ஒலிம்பிக் வில்லில் நமக்கு இதுவரை எந்த நிறத்திலும் பதக்கம் இல்லை.

குறைக்கும் வேலை 1988-இல் சோலில் ஆரம்பித்தது. 144 அம்பு முடிந்ததும் 24 பேர், பிறகு 18, 12, 8 என்று வடிகட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பழைய மார்க்கை அழித்துவிட்டுப் புதிதாக 36 அம்பு. 1972-க்குப் பிறகு குழுப் போட்டி வந்ததும் அப்போதுதான். 17 வயது கிம் சூ-நியுங் தங்கம் எடுத்தார். வெள்ளியும் வெண்கலமும்கூடக் கொரியப் பெண்களுக்கே. மறுவருஷம் ஃபீட்டாவின் தலைவராக ஜிம் ஈஸ்டன் வந்தார். உலகத்து வில்லாளிகளில் பெரும்பாலானோர் எய்யும் அம்பைச் செய்கிற கம்பெனிக்காரர். அம்பு வியாபாரி ஒருவரின் தலைமையில்தான் எய்யும் அம்புகளின் எண்ணிக்கை குறைந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1992 பார்சிலோனாவில் கதை அடியோடு மாறியது. 144 அம்பு தரவரிசைக்கு மட்டும். அதற்குப் பிறகு 70 மீட்டரில் இருவர் இருவராக, ஆளுக்கு 12 அம்பு, தோற்றவர் வெளியே. டி.வி.க்காரர்கள் கேட்டது இதைத்தான்: ஒருவர், இன்னொருவர், ஒரு முடிவு. தொடக்க விழாவில் அன்டோனியோ ரெபோயோ என்ற மாற்றுத்திறன் வில்லாளி தீ அம்பு எய்து ஜோதி ஏற்றியதை உலகமே பார்த்தது. வில் இனி பார்க்கப்படும் விளையாட்டு என்று அந்த ஓர் அம்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தில் நம் ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டார். ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம். ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி 1987-இல் பழங்குடிப் பகுதிகளில் ஆள் தேடியபோது கண்ணில் பட்டவர். மறுவருஷமே சோலுக்குப் போன இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வில் அணியில் இருந்தார். 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 30 மீட்டரில் 360-க்கு 357 எய்து உலக சாதனையைச் சமன் செய்தார். 36 அம்பில் மூன்றே புள்ளி நஷ்டம். அந்த வருஷம்தான் ஒலிம்பிக்கில் 30 மீட்டருக்குப் பதக்கத்தோடு சம்பந்தம் அறுந்தது. பார்சிலோனாவில் 30 மீட்டர் தரவரிசையோடு நின்றுவிட்டது, ஜெயிப்பதும் தோற்பதும் 70-இல். 1996-இல் தரவரிசையும் 70 மீட்டரிலேயே 72 அம்பு என்றாகி, மற்றத் தூரங்கள் ஒலிம்பிக்கை விட்டே போய்விட்டன. பழைய கணக்கில் லிம்பா ராம் பதக்கம் வாங்கியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பலம் எதுவோ அது அந்த வருஷத்தோடு மதிப்பிழந்தது என்றுதான் சொல்கிறேன்.

அம்பைக் குறைத்தால் கொரியாவின் ஆதிக்கம் உடையும் என்று பலர் நம்பினார்கள். கணக்கு டீச்சராக எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. எண்ணிக்கை குறையக் குறையத் தற்செயலுக்கு இடம் கூடும். ஆனாலும் 1984 முதல் 2004 வரை பெண்கள் தனிநபர் தங்கம் ஆறு முறையும் கொரியாவுக்கே. பெண்கள் குழுத் தங்கம் 1988-இலிருந்து 2024 வரை பத்துக்குப் பத்து. 2008-இல் பெய்ஜிங்கில் மட்டும் சீனாவின் சாங் ஜுவான்-ஜுவான் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் மூன்று கொரியர்களை வரிசையாக வீழ்த்தினார். இறுதியில் பார்க் சுங்-ஹியுனுக்கு எதிராக 110-109. ஒரே புள்ளி.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பள்ளியிலேயே தொடங்குகிறார்கள், ஹூண்டாய் குடும்பம் 1985-இலிருந்து கொரிய வில் சங்கத்துக்குப் பணம் கொட்டுகிறது, பேஸ்பால் மைதானக் கூச்சலுக்கு நடுவே பழக வைக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய தேர்வு முறை. ஒலிம்பிக்கில் குட்டிக் கணக்கு வந்த பிறகும் உள்நாட்டில் நீளக் கணக்கை அவர்கள் விடவில்லை. மாதக்கணக்கில், சுற்றுக்குமேல் சுற்றாக, ஆயிரக்கணக்கான அம்பு எய்ய வைத்து மூன்று பேரைப் பொறுக்குகிறார்கள். போன முறை தங்கம் வாங்கியவருக்கும் சலுகை கிடையாது. டோக்கியோவில் மூன்று தங்கம் எடுத்த ஆன் சான் பாரிஸ் அணியிலேயே இல்லை. பாரிஸுக்கு வந்த மூன்று பெண்களுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். குழுத் தங்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். 288 அம்பின் நியாயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓர் அம்பு ஆட்டத்துக்கு வெளியே வருகிறார்கள்.

நம் பக்கம் வேறு கதை. அரசு 2012-இல் வில் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 2019-இல் உலகச் சங்கமே இடைநீக்கம் செய்தது. அந்த வருஷம் பாங்காக்கில் தீபிகா குமாரியும் அங்கிதா பகத்தும் ஒலிம்பிக் தகுதிக்காக எய்தபோது அவர்களுக்குத் தேசியக் கொடி இல்லை. இருந்தும் தங்கமும் வெள்ளியும் அந்த இருவருக்குத்தான். சங்கச் சண்டையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

2012-இல் லண்டனில் மறுபடி ஒரு வெட்டு. போட்டி நடந்த இடம் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம். செட் முறை முதல்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது அங்கேதான். செட்டுக்கு மூன்று அம்பு. செட்டை ஜெயித்தால் 2, சமமானால் ஆளுக்கு 1. முதலில் ஆறு எடுப்பவர் வெற்றி. ஐந்து செட்டும் முடிந்து 5-5 என்றால் ஆளுக்கு ஓர் அம்பு, நடுவுக்கு யார் நெருக்கமோ அவர். ஐந்து நாள் டெஸ்ட்டைச் சூப்பர் ஓவராக்கியதற்கு லார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.

இந்தக் கணக்கின் குணத்தைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒருத்தி 28, 28, 22, 28 எய்கிறாள். எதிரி 27, 27, 29, 27. மொத்தம் பார்த்தால் முதலாமவளுக்கு 106, எதிரிக்கு 110. செட்டில் 6-2 என்று முதலாமவள் ஜெயித்துவிட்டாள். "இது அநியாயம் டீச்சர்" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். ஆமாம், நாலு புள்ளி அநியாயம். ஆனால் அந்த 22 எய்தவளுக்கு மறுபடி உயிர் கொடுக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும். பாரிஸில் சாட் நாட்டின் இஸ்ராயேல் மடாயே, கொரியாவின் கிம் வூ-ஜினுக்கு எதிராக ஓர் அம்பை வெள்ளை ஓரத்தில் போட்டு ஒரே ஒரு புள்ளி வாங்கினார். பெரும்பாலும் தானாகவே பழகியவர், எதிரே உலகத்தின் மிகச் சிறந்த வில்லாளி. 6-0 என்று தோற்றார்; ஆனால் பழைய கணக்கென்றால் அந்த ஒன்று கடைசி அம்புவரை துரத்தியிருக்கும், செட் கணக்கில் அடுத்த செட்டுக்கு அவர் சுத்தமான தாளோடு வந்தார். ஜெயித்தவரைவிட அவருக்கு அன்று அதிகக் கைதட்டல் கிடைத்திருக்குமோ என்று தோன்றுகிறது.

ஓர் அம்பு முடிவுகளில் எனக்கு ஒப்பாதது லார்ட்ஸில் நடந்த பெண்கள் இறுதிதான். கி போ-பே எட்டில் அடித்தார். மெக்ஸிகோவின் ஐடா ரோமான் ஒன்பது எய்திருந்தாலே தங்கம். அவரும் எட்டில் அடித்தார், அதைவிடத் தள்ளி. தங்கம் கொரியாவுக்கு. இரண்டு எட்டுகளுக்கு நடுவே எது நல்ல எட்டு என்று அளந்து ஒலிம்பிக் சாம்பியனைச் சொல்வதா? டோக்கியோவில் நம் அதனு தாஸ் அதே ஓர் அம்பில் பத்து எய்து, ஒன்பது எய்த லண்டன் சாம்பியன் ஓ ஜின்-ஹியெக்கை வெளியேற்றினார். அதைப் பார்த்தபோது வீட்டில் நான் போட்ட சத்தத்துக்கும் இந்த ஆட்சேபணைக்கும் பொருத்தமில்லைதான்.

பாரிஸ் இறுதியில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 4, இன்வாலிட் மைதானம், கிம் வூ-ஜினும் அமெரிக்காவின் பிரேடி எலிசனும். ஐந்தாவது செட்டில் இருவருமே மூன்று பத்து, முப்பதுக்கு முப்பது. 5-5. ஓர் அம்பு: கிம் பத்து, எலிசனும் பத்து. அளந்தார்கள். நடுவிலிருந்து கிம்மின் அம்பு 55.8 மி.மீ., எலிசனுடையது 60.7 மி.மீ. வித்தியாசம் 4.9 மி.மீ. பத்து வட்டத்தின் ஆரம் 61 மி.மீ. என்பதை நினைவில் வைத்தால், இரண்டு அம்பும் கோட்டை ஒட்டி உள்ளே விழுந்தவை என்று தெரியும். ஆண், பெண், குழு, கலப்பு என்று ஐந்து தங்கமும் அந்த முறை கொரியாவுக்கே. கலப்பு இரட்டையரில் தீரஜ் பொம்மதேவராவும் அங்கிதா பகத்தும் நான்காவது. ஒலிம்பிக்கில் இந்திய வில் எட்டிய உச்சம் அது.

2028-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரிகர்வோடு, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் முதல்முறையாக வருகிறது, கலப்பு இரட்டையரில் மட்டும். நமக்கு அது நல்ல சேதி. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் ஜோதி சுரேகா, ஓஜஸ் தேவ்தலே என்று நம் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. காம்பவுண்டில் செட் கிடையாது. தனிநபரென்றால் 15 அம்பு, உச்சம் 150, கலப்பு இரட்டையரென்றால் இருவரும் சேர்ந்து 16 அம்பு, உச்சம் 160. முதல் அம்பிலிருந்து கடைசி அம்புவரை விடாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கள் மாவட்டப் போட்டிக்கு அந்த ஷீட்டை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டுத்தொகைக் கட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.